ஏணிக்கு ஒரு அடி அதிகம்

அன்று இருந்தவர்கள்: அக்கா. நான். பொழிச்சலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்த்த செக்யூரிட்டி அண்ணன். கணக்கு மேடம். வாசல் ஓரம் நாற்காலி போட்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்த சத்துணவு அமைப்பாளர் அம்மா. அவ்வளவுதான்.

இடம், பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடம். மதியம் மூன்றரை மணி. பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, வகுப்புக்குப் போய் நேரமாகிவிட்டது. அண்டாவைக் கவிழ்த்தாயிற்று. தரை காயவில்லை. பாய் விரித்து உட்கார்ந்தோம்.

அக்கா அங்கே சமையல். நான் உதவி. அவள் கிண்டுவாள், நான் கழுவுவேன். பத்தாவது பரீட்சை அக்காவுக்கும் அண்ணனுக்கும்தான். நான் படித்தது ஆறாவது. அந்தக் கணக்கு வகுப்பில் எனக்கு வேலை இல்லை. அக்காதான் உட்காரச் சொன்னாள்.

"நீ வாயே தொறக்க மாட்ட. நீ பக்கத்துல குந்திகினா எனக்குக் கணக்கு ஓடும்" என்றாள்.

குந்திக்கொண்டேன்.

அக்காவின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம இன்னாத்துக்கு எழுதின" என்பாள். நடந்து ஏழு வருடம் ஆகிறது. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். இருந்தாலும் கேட்பாள்.

மேடம் சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். சின்ன வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். வாரத்தில் மூன்று நாள் எங்களுக்காக ஒரு மணி நேரம். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அக்கா ஒரு நாள் முட்டை உரித்துக்கொண்டே கேட்டாள், அவர் சரி என்றார்.

அன்று மேடம் பலகையில் ஏணி வரைந்தார். எட்டு அடி உயரச் சுவர். ஏணியின் தலை சுவரின் உச்சியைத் தொடுகிறது. கால் சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி இருக்கிறது. ஏணியின் நீளம் என்ன?

அக்கா போட்டாள். ஆறாறு முப்பத்தாறு. எட்டெட்டு அறுபத்து நான்கு. கூட்டினால் நூறு. மூலம் பத்து. பத்து என்று எழுதினாள். பிறகு பேனாவைக் கடித்தாள். பத்தை அடித்துவிட்டு அடியில் பதினொன்று என்று எழுதினாள்.

"அக்கா, பத்து கரெக்ட்டா வந்துச்சே. ஏன் அடிச்சீங்க?"

"பத்தடி ஏணி செவுத்து உச்சில முட்டிகினு நின்னுரும் மேடம். மேல போனவன் எறங்க சொல்ல கையில இன்னா புடிப்பான்? ஒரு அடி மேல நீட்டிகினு இருக்கணும்."

"கொஸ்டின்ல அதைக் கேக்கலையே."

"கேக்கல. ஆனா ஏறப்போறது கொஸ்டினு இல்லியே, ஆளாச்சே."

மேடம் பலகையைப் பார்த்தார். செக்யூரிட்டி அண்ணன் இரவு வேலை முடித்துவிட்டு வருபவர். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மூடியபடியே சொன்னார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க ஏணில நா ஏற மாட்டேன்."

அக்கா அப்படித்தான். எதைச் செய்தாலும் கொஞ்சம் சேர்த்து வைப்பாள். வயதைக் கேட்டால் ஒன்று கூட்டிச் சொல்வாள். "அடுத்த வருசம் மறுபடி கேப்ப. இப்பவே தெரிஞ்சிக்க" என்பாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து பக்கத்தில் ஓர் ஆள் இடம் விடுவாள். டிரைவர், "யாராச்சும் வராங்களாக்கா?" என்று கேட்பார். "வருவாங்க" என்பாள். யாரென்று தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் யாராவது ஏறி உட்காருவார்கள். அக்கா என்னைப் பார்ப்பாள்.

தினமும் அவள் பையில் நான்கு முட்டை இருக்கும். வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவருவது. கைக்குட்டையில் முடிந்த ஒரு டம்ளர் அரிசியும் இருக்கும்.

அது எதற்கென்று சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு அமைப்பாளர் அம்மா வகுப்பு வகுப்பாக எண்ணி வருவார். எண்ணிக்கையை நோட்டில் எழுதி மூடுவார். அந்த எண்ணிக்கைக்குத்தான் அரிசி. அந்த எண்ணிக்கைக்குத்தான் முட்டை. ஆனால் சில பிள்ளைகள் பத்தரைக்கு வரும். திருநீர்மலைப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து வரும். தம்பியைத் தூங்க வைத்துவிட்டு வரும். தண்ணீர் லாரிக்கு நின்றுவிட்டு வரும். இரண்டு பேர், மூன்று பேர். சில நாள் ஒருவரும் இல்லை. நோட்டில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த டம்ளர் அரிசி அவர்களுக்கு.

அமைப்பாளர் அம்மா கெட்டவர் இல்லை. நேரம் பார்ப்பவர். தாம் கொடுத்த அரிசியில் எத்தனை பிள்ளைகள் சாப்பிட முடியும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் மூன்று பிள்ளைகள் சாப்பிட்டுப் போவதையும் பார்ப்பார். ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அவர் அந்த வருடம் ஜூனில் ஓய்வு பெற வேண்டும். அக்கா பத்தாவது பாஸ் என்றால் அந்த வேலைக்கு மனு போடலாம். இல்லையென்றால் வேறு எங்கிருந்தோ ஆள் வரும். அக்காவுக்குச் சம்பளத்தில் ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் என்னிடம் அவள் சொன்னது வேறு.

"அந்த நோட்டு என் கைக்கு வரணும்டீ. அந்தம்மா பத்துக்கு மூடுது. நா பதினொண்ணுக்கு மூடுவேன். அவ்ளோதான் எனக்கு."

தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூகம் எல்லாம் முதல் தடவையே பாஸ். கணக்கு மட்டும் மூன்று தடவை போயிற்று. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. வேண்டியது முப்பத்தைந்து.

செக்யூரிட்டி அண்ணன் இதைக் கேட்டுவிட்டு விரலை நீட்டி எண்ணினார்.

"ரெண்டு ரெண்டா ஏறுது. இது கூட்டுத்தொடரு மேடம். நாலாவது உறுப்பு முப்பத்தஞ்சு. இந்தம்மா படிக்கவே வேணாம், போயி குந்திகினு வந்தா போதும்."

மேடம் அன்று முழுக்கச் சிரித்தார்.

எக்ஸ் என்றால் எனக்குப் பயம். அண்ணனுக்கும் பயம். எண்ணுக்கு நடுவில் எழுத்து எதற்கு என்று கேட்பார். அக்காவுக்குப் பயமே இல்லை. அண்ணனுக்கு அவள்தான் சொன்னாள்.

"எக்ஸ்னா இன்னும் வராத புள்ள. யாருன்னு தெரியாது. பேரு தெரியாது. ஆனா வரும். வரும்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவோம்? தட்டு வெச்சிருவோம். அந்தத் தட்டுதான் எக்ஸு."

மேடம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு யாரும் இப்டிச் சொல்லித் தரலை அக்கா" என்றார். மறுநாள் தன் வகுப்பிலும் அப்படியே சொன்னாராம். பிள்ளைகளுக்குப் புரிந்ததாம்.

அதன்பிறகு எக்ஸ் மதிப்பு கிடைத்தால் அக்கா, "வந்துட்டான்" என்பாள். கிடைக்காவிட்டால் அண்ணன், "இன்னா, இன்னைக்கி எக்ஸு லீவா?" என்பார்.

வட்டம் வரையும்போது அக்கா காம்பஸைச் சுற்ற மாட்டாள். காம்பஸை அப்படியே பிடித்துக்கொண்டு தாளைச் சுற்றுவாள். வட்டம் சரியாக வரும். தொடுகோடு வரையச் சொன்னபோது வரைந்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். கோடு வட்டத்தை ஓர் இடத்தில் தொட்டு நேராகப் போனது.

"தொட்டுட்டு போய்கினே கீது. உள்ள வந்து ஒரு வாய் துன்னுட்டு போனா இன்னாவாம்" என்றாள்.

அண்டா கணக்கு ஒன்று உண்டு. உருளையின் கொள்ளளவு பாடம். மேடம் டேப்பை எடுத்து எங்கள் அண்டாவையே அளந்தார். குறுக்கே நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். உயரம் முப்பது. பலகையில் போட்டார். நாற்பத்தொன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.

"நாப்பதுதான்" என்றாள் அக்கா. கணக்குப் போடாமல் சொன்னாள்.

"ஃபார்முலா தப்பா இருக்காதுக்கா."

"என் அண்டாவும் தப்பா இருக்காது."

அண்ணன் எழுந்துவிட்டார். அன்றுதான் அவர் முழுதாக விழித்திருந்து பார்த்தேன். பத்து லிட்டர் வாளி ஒன்று இருந்தது. நான் குழாயில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். அண்ணன் ஊற்றினார். நான்கு வாளி. தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. அக்கா இடுப்பில் கை வைத்தாள். மேடம், "நிறுத்தாதீங்க, ஊத்துங்க" என்றார். அண்ணன் ஐந்தாவது வாளியிலிருந்து அரை லிட்டர் சொம்பால் மொண்டு ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதைச் சாய்த்ததும் தண்ணீர் வழிந்து மேடத்தின் செருப்பு நனைந்தது.

மேடத்துக்கு சந்தோஷம். "பாத்தீங்களா, நாப்பத்தொண்ணரைக்கு மேல" என்று குதித்தார்.

அக்கா சொன்னாள்: "மேடம், நீங்க சொன்னது நின்னுகினு பாக்கறதுக்கு. நா சொன்னது ரெண்டு பேரு தூக்கிகினு போறதுக்கு."

அமைப்பாளர் அம்மா வாசலிலிருந்து, "அந்தத் தண்ணிய யாரும்மா தொடைக்கிறது?" என்றார். நான் துடைத்தேன்.

இதெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் தாளில் எழுதினால் அக்காவின் விடை தப்பு. தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் எட்டு, எவ்வளவு கயிறு என்றால் நாற்பது வரும். அக்கா நாற்பத்தொன்று எழுதுவாள். முடிச்சுப் போட வேண்டாமா? பால் பாத்திரத்தின் கொள்ளளவு கேட்டால் குறைத்து எழுதுவாள். பொங்காதா?

ஒரு நாள் மேடம் இட்லிக் கணக்கு ஒன்று கொடுத்தார். தானே யோசித்த கணக்கு. அக்காவுக்குப் பிடிக்கும் என்று கொடுத்தார். ஒரு விருந்துக்கு வந்தவர்கள் எக்ஸ் பேர். ஆளுக்கு மூன்று இட்லி சாப்பிட்டார்கள். பதினைந்து இட்லி மீதி. மொத்தம் சுட்டது நூற்றைம்பது. எத்தனை பேர் வந்தார்கள்?

அண்ணன் நாற்பத்தைந்து என்றார். சரி. அக்கா ஐம்பது என்று எழுதியிருந்தாள்.

"ஐம்பது எப்படிக்கா?"

"நாப்பத்தஞ்சு பேரு துன்னுட்டாங்க மேடம். மீதி பதினஞ்சு இன்னாத்துக்கு வெச்சிகினு கீறாங்க? இன்னும் அஞ்சு பேரு வரணும்னுதானே?"

மேடம் பாயில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அக்கா, நீங்க கணக்கு தெரியாம ஃபெயிலாகலை. மூணு தடவையும் இதனாலதான் போயிருக்கு. பேப்பர் திருத்துறவங்க கையில ஒரு விடை இருக்கும். நாப்பத்தஞ்சுன்னா நாப்பத்தஞ்சு. அவங்களுக்கு உங்க அஞ்சு பேரைத் தெரியாது."

அக்கா பேனாவை மூடினாள்.

"ப்ராக்டிஸ் பண்ணுங்க. ஒரு வாரம் எதையும் கூட்டாதீங்க. எது கேக்கறாங்களோ அது மட்டும்."

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கூட்டாமல் பழக வேண்டும் என்றால் எல்லாவற்றிலும் பழக வேண்டும் என்று நினைத்துவிட்டாள். திங்கட்கிழமை அவள் பையில் முட்டை இல்லை. கைக்குட்டையில் அரிசி இல்லை. ஷேர் ஆட்டோவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அந்த வாரம் அவள் போட்ட கணக்கெல்லாம் சரி. மேடம் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். அக்கா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை தக்காளி சாதம். பத்தே முக்காலுக்கு மூன்று பிள்ளைகள் வந்தன. ஒரு சிறுமியும் அவளுடைய இரண்டு தம்பிகளும். சாப்பாட்டு மணி அடித்தபோது மற்றவர்களோடு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றன. அவர்கள் முறை வந்தபோது அண்டா காலி. சட்டுவத்தால் அடியைச் சுரண்டினாள் அக்கா. ஒரு பிடி வந்தது. சின்னவன் தட்டை நீட்டிக்கொண்டே நின்றான்.

அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்னுடையதையும் கொடுத்தேன். எனக்கு அன்று கருவாட்டுக் குழம்பு. அது போயிற்று. முட்டை மட்டும் இல்லை. மூன்று பேரும் மற்றவர்கள் முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அன்று மூன்றரைக்கு அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை.

"மேடம், எனக்கு வாணாம். கரெக்டா போட்டா எனக்கு கை ஓடல. பேஜாரா கீது. நா ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன்."

"அக்கா, நோட்டு உங்க கைக்கு வரணும்னு சொன்னீங்களே."

"ஆமா. அதுக்கோசரம் அந்த மூணு பேத்த நா அடிச்சிட்டு எழுதணுமா?"

அண்ணன் கண்ணைத் திறந்தார். கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. மேடம் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா காலி அண்டாவைத் திரும்பவும் கழுவினாள். அதை நான் ஏற்கெனவே கழுவியிருந்தேன்.

சனிக்கிழமை மேடம் வந்தார். வந்ததும் பலகையில் பழைய ஏணிக் கணக்கைப் போட்டார். பத்து அடி என்று விடை எழுதினார். அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "பிடித்து இறங்க மேலே ஓர் அடி வேண்டும்" என்று எழுதினார்.

"அக்கா, பேப்பர் திருத்துறவங்க கட்டத்தைத்தான் பாப்பாங்க. கட்டத்துக்குள்ள அவங்க கேட்டது. கீழ உங்க இஷ்டம். முடிச்சு போடுங்க, இட்லி வைங்க, யாரை வேணா கூப்பிடுங்க. கட்டத்துக்குள்ள மட்டும் யாரையும் விடாதீங்க."

அக்கா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனாள். கட்டத்தைப் பார்த்தாள். கீழே எழுதியதைப் படித்தாள்.

"இத்துக்கு மார்க்கு கட் பண்ண மாட்டாங்களா?"

"தெரியாது அக்கா. பண்ண மாட்டாங்கன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது."

"சரி" என்றாள் அக்கா. உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். திங்கட்கிழமை பையில் நான்கு முட்டை வந்துவிட்டது.

பரீட்சை தாம்பரத்தில் ஒரு பள்ளியில். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனோம். பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசல் கேட்டே திறக்கவில்லை. அக்காவிடம் ஐந்து பேனா. இரண்டு ஜியாமெட்ரி பாக்ஸ். அண்ணன் பார்த்துவிட்டு, "கட கிட போடப் போறியாமா?" என்றார். கேட் திறக்கும்போது ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளும் தனித்தேர்வுக்கு வந்தவள்தான். காம்பஸைப் பஸ்ஸில் விட்டுவிட்டாளாம். அக்கா இரண்டாவது பாக்ஸைத் திறந்தே பார்க்காமல் அவள் கையில் வைத்தாள். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

நான் வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம். அண்ணன் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். வந்து என் பக்கத்தில் படுத்தார். அக்கா கடைசியாக வந்தாள். முகம் சரியில்லை.

"ரெண்டு கணக்கு வுட்டுப் போச்சு" என்றாள். "தெரிஞ்ச கணக்குடீ. ரெண்டும் தெரியும். நேரம் பத்தல."

"மூணு மணி நேரம் இன்னாமா பண்ண?" என்றார் அண்ணன்.

"கட்டம் போட்டேன். ஸ்கேல் வெச்சு, பென்சிலால, நாலு பக்கமும் சமமா. ஒவ்வொண்ணுக்கும்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "கையால இழுத்து வுட வேண்டிதானே?"

"கோணலா போட்டா கட்டமா அது?"

ஷேர் ஆட்டோவில் வரும்போது கேள்வித்தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஒரு கணக்கு எனக்கும் புரிந்தது. ஒரு கலையரங்கத்தில் பத்து வரிசை நாற்காலி. முதல் வரிசையில் பன்னிரண்டு. அடுத்தடுத்த வரிசையில் மும்மூன்று கூடும். மொத்தம் எத்தனை நாற்காலி? அக்கா இருநூற்று ஐம்பத்தைந்து என்று எழுதிக் கட்டம் போட்டிருக்கிறாள். சரியான விடை.

"கீழ எதாச்சும் எழுதினியா?" என்று அண்ணன் கேட்டார்.

"எழுதினேன்."

"இன்னா எழுதின?"

"ஓரமா பத்து நாற்காலி மடிச்சு வெக்கவும்னு எழுதினேன்."

அண்ணன் டிரைவரிடம் சொன்னார்: "தம்பி, பேப்பரு திருத்தறவரு பாவம்பா. திருத்திட்டு நாற்காலி தூக்கப் போணும்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், என்ன விஷயம் என்று தெரியாமலே. அக்காவும் சிரித்தாள். ஆனால் கேள்வித்தாளை மடிக்கவில்லை.

மறுநாள் மேடம் அவளை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். என்ன எழுதினாள், எந்த வரி வரை எழுதினாள் என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் போட்டார். தொடுகோட்டுக்கு எட்டு. வரைபடத்துக்கு ஏழு, அளவுத்திட்டம் எழுத மறந்துவிட்டாள். இப்படியே கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவை கூட்டினார். பேனாவை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை கூட்டினார்.

"முப்பத்தஞ்சு" என்றார்.

அண்ணன் தொடையில் தட்டினார். "நா சொல்லல? கூட்டுத்தொடரு."

மேடம் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஃபுல்லாப் போட்டா முப்பத்தஞ்சு. இதுக்கு மேல வர வழியே இல்லை. கீழ எழுதினதைப் பாத்துட்டு ஒரே ஒரு இடத்துல அரை மார்க் குறைச்சாலும்..." என்று நிறுத்தினார்.

அக்கா அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் ஜென்மத்துல இப்டி எங்கயும் போனதில்லடீ" என்றாள் என்னிடம். "கையில ஒண்ணு கூட மிச்சம் இல்லாம."

முடிவு வர ஒன்றரை மாதம் இருந்தது. அக்கா வேலையை ஒழுங்காகச் செய்தாள். கேட்டால், "வந்தா வரும்" என்பாள். ஆனால் சாதத்தில் உப்பு இரண்டு நாள் கூடிப்போனது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் வரிசை கட்டி நின்றார்கள். அதற்குள் கோடை விடுமுறையும் வந்துவிட்டது.

முடிவு வந்த அன்று நாங்கள் எல்லோரும் கூடத்தில்தான் இருந்தோம். அமைப்பாளர் அம்மா ஓய்வுக்கு முன்னால் பாத்திரங்களை எண்ணி எழுத வேண்டும் என்று அக்காவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். நல்ல வெயில். அண்ணன் வேலை முடிந்து சீருடையோடு வந்தார். மேடத்துக்கு விடுமுறை, இருந்தாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணன் போனில் முதலில் தன் எண்ணைப் போட்டார். நாற்பத்தெட்டு. அவருக்கே நம்பிக்கை இல்லை. "தூங்கினது வீண் போவல" என்றார். பிறகு அக்காவின் எண்ணைப் போட்டார். பிறந்த தேதியைக் கேட்டார். அக்கா சொன்னாள். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அக்கா பக்கத்தில் வரவில்லை. தரையில் உட்கார்ந்து கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். அமைப்பாளர் அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "எத்தனைம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

வட்டம் நின்றது. அண்ணன் போனைத் தூர நீட்டிப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"வெயில்ல ஒண்ணும் தெரியலமா. நீ பாரு" என்று என் கையில் கொடுத்தார்.

சேலை முந்தானையால் நிழல் பிடித்துப் பார்த்தேன். ஓர் எண்தான். எனக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் மேடத்திடம் காட்டினேன். மேடம் பார்த்தார். அதன் கீழே இருந்த வரியையும் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"இதுக்கு மேல வராதுன்னு நான் கூட்டிப் பாத்தேனே" என்றார். தனக்குத்தானே சொல்வது மாதிரி.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். மேடத்தைக் கேட்கவில்லை. அண்ணனைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடீ. எவ்ளோ?"

சொன்னேன்.

முப்பத்தாறு.